காலால அழுத்துனா அழுவுற கிட்டார்

பழைய அமெரிக்கன் கன்ட்ரி பாட்டு ஏதாவது கேட்டிருந்தீங்கன்னா இத கவனிச்சிருப்பீங்க, பாடுறவர் ஒரு வரிய முடிச்சுட்டு மூச்சு வாங்குற அந்த ரெண்டு செகண்ட்ல பின்னாடி இருந்து ஒரு சத்தம் வரும், வயலினும் இல்ல, சாதா கிட்டாரும் இல்ல, யாரோ ஓரமா உக்காந்து தேம்புற மாதிரி இழுத்துகிட்டே போய் ஒரு இடத்துல அடங்கும். அதான் பெடல் ஸ்டீல் கிட்டார். கம்பி மேல இரும்ப வச்சு சர்ருனு வழுக்குறாங்க, அதான் அழுவுதுன்னு நானும் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். பாதிதான் சரி. வெறும் வழுக்கல் மட்டும் இருந்தா ஹவாய் கடற்கரை ஹோட்டல் மாதிரி கேக்கும், ஜாலியா இருக்கும். அழுகை எங்கிருந்து வருதுன்னா, ஒரு நோட் நகரும்போது பக்கத்துல இன்னொரு நோட் அசையாம நிக்குது பாருங்க, அங்கிருந்து.

இரும்பு கதைய சீக்கிரம் சொல்லிடுறேன். 19ம் நூற்றாண்டு கடைசியில ஹவாய்ல ஜோசப் கெக்குக்குன்னு ஒரு பள்ளிக்கூட பையன், கிட்டார மடியில படுக்க வச்சு கம்பிய விரலால அழுத்தாம மேல ஒரு இரும்புத் துண்ட வச்சு நகர்த்தி வாசிச்சான், அத கண்டுபிடிச்ச பெருமைய பொதுவா அவருக்குத்தான் குடுக்குறாங்க. நம்ம கோட்டுவாத்தியத்துல மரக்கட்டைய வச்சு தேய்க்கிறாங்கல்ல, தத்துவம் அதேதான். ஸ்டீல் கிட்டார்ங்கிற பேரு கூட அந்த இரும்புத் துண்டால வந்ததுதான், கிட்டார் இரும்புல செஞ்சதால இல்ல.

இப்ப இதுல ஒரு சிக்கல் இருக்கு. அந்த இரும்பு பார் ஒரு நேர்கோடு. பத்து கம்பி மேல அத வச்சு ரெண்டு கட்டம் (ஒரு கட்டம்னா ஒரு ஃப்ரெட்) மேல தள்ளுனா பத்தும் சேர்ந்துதான் ரெண்டு கட்டம் ஏறும், ஒன்னு நிக்கட்டும் இன்னொன்னு ஏறட்டும்னு சொல்ல முடியாது. பார சாய்ச்சு வச்சு கொஞ்சம் சமாளிக்கலாம், ஜெரி பேர்ட் அதுல பெரிய கை. கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் பாட்டுல எல்லாம் டான் ஹெல்ம்ஸ் வாசிச்சது பெடல் இல்லாத ஸ்டீல்தான், உச்சத்துல கத்தி மாதிரி இருக்கும், அருமையா இருக்கும், ஆனா நான் சொல்ற அந்த தேம்பல் அதுல இல்ல.

கால்ல அமுக்குனா சில கம்பிய மட்டும் இறுக்கி ஸ்ருதி ஏத்துற பெடல் வச்ச மாடல் அப்பவே இருந்துச்சு, ஆனா ஒரு ட்யூனிங்ல (கம்பிகளுக்கு வைக்கிற ஸ்ருதி வரிசை) இருந்து இன்னொரு ட்யூனிங்குக்கு மாத்திக்கிற சுவிட்ச் மாதிரிதான் பெரும்பாலும் உபயோகிச்சாங்க, நோட் அடிக்கிறதுக்கு முன்னாடியே அமுக்கி வச்சுக்குவாங்க, கம்பி ஏறுற சத்தம் வெளிய கேட்டா அது அசிங்கம். 1953 கடைசியில வெப் பியர்ஸ் பாடுன 'ஸ்லோலி' ரெக்கார்டிங்ல பட் ஐசக்ஸ்னு ஒருத்தர் அத தலைகீழா பண்ணாரு. முதல்ல கம்பிய மீட்டிட்டு அது ஒலிச்சுகிட்டு இருக்கும்போதே பெடல அமுக்கிட்டாரு. பாட்டு 1954ல நம்பர் ஒன் ஆச்சு, அதுக்கப்புறம் கன்ட்ரி பாட்டு ரெக்கார்டிங்குக்கு பேர் போன நாஷ்வில் ஊர்ல ஸ்டீல் வாசிக்கிறவங்க எல்லாரும் பெடலுக்கு அலைய வேண்டியதா போச்சு.

அவர் என்னதான் பண்ணாருன்னு நம்ம பாஷையில சொல்றேன், ரொம்ப சுலபமா புரியும். கார்ட்னா சேர்ந்து ஒலிக்கிற சில நோட்டு, ஒரு மேஜர் கார்ட்ங்கிறது ச க ப. பெடல அமுக்குனா க ஒரு அரை ஸ்தானம் (கீபோர்டுல ஒரு கட்டை) ஏறி ம ஆகுது, ப ஒரு முழு ஸ்தானம் (ரெண்டு கட்டை) ஏறி த ஆகுது, ச அப்படியே கல்லு மாதிரி நிக்குது. ச க ப இப்ப ச ம த ஆகிடுச்சு. அதாவது ச ல ஆரம்பிக்கிற ஒன்னாம் கார்ட்ல இருந்து ம ல ஆரம்பிக்கிற நாலாம் கார்டுக்கு, கைய ஒரு இம்மி நகர்த்தாம, வெறும் கணுக்கால்ல போயாச்சு. உங்க வீட்ல கீபோர்டு இருந்தா ஒரு விரலால ச பிடிச்சுகிட்டு மத்தத மாத்தி பாருங்க, கார்ட் மாறும் ஆனா அந்த இழுவை வராது, ஏன்னா கீபோர்டுல க வுக்கும் ம வுக்கும் நடுவுல ஒன்னுமே இல்ல, இங்க நடுவுல இருக்குற ஒவ்வொரு ஸ்ருதியையும் தொட்டுகிட்டு ஏறுது. அப்படி ஏறும்போது நிக்கிற ச வோட ஒவ்வொரு கணமும் வேற வேற மாதிரி உரசுது, கடைசியில ம ல போய் உக்காரும்போது உரசல் அடங்குது. காதுக்கு அது ஒருத்தர் அழுது ஓய்ஞ்ச மாதிரி இருக்கு. வெறும் பார் வழுக்கல்ல எல்லா நோட்டும் கூட்டமா நகர்றதால உள்ளுக்குள்ள உரசல் மாறவே மாறாது.

எந்திரம் எப்படி வேலை செய்யுதுன்னா, ஒரு வீடியோல கிட்டாருக்கு அடியில கேமராவ வச்சு காட்டுனத பாத்தேன், அசந்துட்டேன், மேல பாத்தா மேஜை மாதிரி அமைதியா இருக்கு, கீழ பாத்தா ராடு ராடா ஓடுது. பழைய சைக்கிள்ல ராடு பிரேக் பாத்திருப்பீங்களே, கைப்பிடிய அமுக்குனா ஒரு கம்பி இழுத்து, எல் ஷேப்புல ஒரு துண்டு திரும்பி, இன்னொரு கம்பிய இழுத்து பிரேக் கட்டைய தூக்கும், அச்சு அசல் அதேதான். பெடல அமுக்குனா ராடு ஒரு குறுக்கு அச்ச திருப்புது, அதுல இருக்குற எல் துண்டு இன்னொரு ராட இழுக்குது, அந்த ராடு போய் கம்பி முடியிற இடத்துல இருக்குற விரல் மாதிரி ஒரு உலோகத் துண்டோட காலப் பிடிச்சு இழுக்குது. கம்பி அந்தத் துண்டோட வளைஞ்ச தலை மேலதான் ஏறி உக்காந்திருக்கு, கால இழுத்தா தலை பின்னாடி சாயும், கம்பி இறுகும். கம்பி நகர்ற தூரம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், ஆனா அதுக்குள்ள முழு ஸ்தானம் ஏறிடுது.

ஏன் அவ்ளோ கம்மி தூரம் போதும்? கம்பியோட ஸ்ருதி இழுவிசையோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி ஏறும், பள்ளிக்கூடத்துல சோனோமீட்டர் வச்சு பண்ணோமே அதான். முழு ஸ்தானம் ஏத்தணும்னா அதிர்வெண் சுமார் 12 சதவீதம் கூடணும், அப்ப இழுவிசை சுமார் 26 சதவீதம் கூடணும். எஃகு கம்பி ரப்பர் கிடையாது, துளி நீட்டுனாலே இழுவிசை எகிறிடும்.

இதுக்கு பலியாகுறது மூணாவது கம்பி. நாஷ்வில்ல எல்லாரும் வச்சிருக்குற ஈ நைன்த் ட்யூனிங்ல ஜி ஷார்ப்ல இருக்குற மெல்லிசு கம்பி அது, 0.011 இன்ச், சுமார் 415 ஹெர்ட்ஸ். பெடல் அமுக்குற ஒவ்வொரு தடவையும் அது 440க்கு ஏறணும். அடிக்கடி அறுந்து போறது அதுதான். சரி அப்ப தடிச்ச கம்பி போட வேண்டியதுதானேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு, ஆனா கணக்கு போட்டு பாத்தா வேலைக்கு ஆவாது. கம்பி தடிச்சா அதே ஸ்ருதிக்கு இழுவிசையும் அதே அளவு கூடுதலா வேணும், அதனால எஃகோட ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் தாங்குற பாரம் மாறவே மாறாது. நீளமும் ஸ்ருதியும் முடிவாச்சுன்னா எஃகு தாங்குற எல்லையும் முடிவாச்சு. இன்னும் மேல ஸ்ருதி வேணும்னா கிட்டாரத்தான் குட்டையாக்கணும்.

ஐசக்ஸோட பெடல் க, ப ரெண்டையும் ஒரே அமுக்குல சேர்த்து ஏத்துச்சு. 1950கள் நடுவுல பட்டி எம்மன்ஸ்னு இந்தியானா பக்கத்து பையன், அப்ப சுமார் இருபது வயசு, அத ரெண்டு பெடலா பிரிச்சாரு. சின்ன வேலை மாதிரி தெரியுது, ஆனா கதவே தெறந்துடுச்சு. ப வ மட்டும் ஏத்துனா ச க த, உடனே மைனர் கார்ட் வந்துடுது. க வ மட்டும் ஏத்துனா ச ம ப, தொங்கல்ல நிக்குது, கேக்குறவனுக்கு "அப்புறம்?"னு இருக்கும், மெதுவா கால எடுத்தா ம இறங்கி க வுக்கு வந்து நிம்மதியாகும். அதே காலத்துல ஜிம்மி டேயும் பெடல பிரிச்சாரு, ஆனா வரிசைய மாத்தி வச்சாரு, அதனால இன்னிக்கும் ஸ்டீல் வாங்கப் போனா எம்மன்ஸ் செட்டப்பா டே செட்டப்பான்னுதான் கேப்பாங்க, கார்ல வலது பக்க ஸ்டியரிங்கா இடது பக்கமான்னு கேக்குற மாதிரி. அப்புறம் முழங்காலால தள்ளுற லிவர் எல்லாம் சேர்ந்துச்சு. ஆக இடது கையில கால் கிலோ எடையுள்ள பார், வலது கையில கட்டை விரலுக்கும் ரெண்டு விரலுக்கும் கம்பிய மீட்டுற பிக், இடது கால்ல பெடல், ரெண்டு முழங்காலும் லிவர், வலது கால் வால்யூம் பெடல். உடம்புல சும்மா இருக்குறது மூக்கு மட்டும்தான்.

வலது காலைப் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா தேம்பல்ல பாதி அங்கதான் இருக்கு. மீட்டுன கம்பி அடிச்ச உடனே உச்சத்துல இருந்து தேய்ஞ்சுகிட்டே போகும். ஸ்டீல்காரர் வால்யூம் பெடல பாதி மூடி வச்சுகிட்டு அடிப்பாரு, சத்தம் தேயத் தேய பெடலத் திறந்துகிட்டே போவாரு, தேய்மானமும் திறப்பும் சரிக்கு சரியா போனா நோட் தேயாம வயலின் வில்லு போட்ட மாதிரி நீளமா நிக்கும். இன்னும் கொஞ்சம் தந்திரமா அடிக்கும்போது நல்லா மூடிட்டா பிக் படுற டிக் சத்தமும் கேக்காது, எங்கிருந்தோ நோட் முளைச்சு வர்ற மாதிரி இருக்கும்.

இப்ப இத எல்லாம் தூக்கிட்டு ஸ்டுடியோவுக்கு போங்க. 1950கள், 60கள்ல நாஷ்வில்ல ஒரு செஷன்னா மூணு மணி நேரம், அதுக்குள்ள வழக்கமா மூணு நாலு பாட்டு முடியணும். ஓவன் பிராட்லியோட குவான்செட் ஹட், ஆர்சிஏ ஸ்டுடியோ பி, இந்த மாதிரி இடங்கள்ல பாடுறவரும் வாத்தியக்காரங்களும் ஒரே ரூம்ல ஒன்னா வாசிச்சாங்க. நோட்டேஷன் பேப்பர் கிடையாது, டெமோவ ஒரு தடவ கேட்டுட்டு 1, 4, 5னு கார்ட எண்ணுல எழுதிக்குவாங்க, ஜார்டனேர்ஸ் குழுவுல பாடுன நீல் மேத்யூஸ் ஆரம்பிச்சு வச்ச முறை அது. பாடகிக்கு தொண்டை சரியில்ல, ஸ்ருதிய இறக்குங்கன்னா எண்ணு மாறாது. ஸ்டீல்காரருக்கு இது பாயசம் மாதிரி. ஜி ஸ்ருதியில பாட்டுன்னா பார் மூணாவது கட்டத்துல, அது 1. அங்கேயே ரெண்டு பெடலும் அமுக்குனா 4. அமுக்குன படியே ரெண்டு கட்டம் தள்ளுனா 5. ஸ்ருதி மாறுனா பார் ஆரம்பிக்கிற கட்டம் மட்டும்தான் மாறும், காலுக்கு எல்லா பாட்டும் ஒன்னுதான்.

ட்யூனிங்லயும் ஒரு விஷயம் இருக்கு. பியானோவுல இருக்குற காந்தாரம் உண்மையான காந்தாரத்த விட 14 சென்ட் (அரை ஸ்தானத்துல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட்) தூக்கலா இருக்கும், எல்லா ஸ்ருதியிலயும் வாசிக்கணும்னு பண்ண சமரசம் அது. ஸ்டீல் வாசிக்கிறவங்க பல பேரு காந்தாரத்த கொஞ்சம் இறக்கித்தான் வைப்பாங்க, தம்புராவுல யாரும் மீட்டாமலே காதுல விழுமே, அந்த காந்தாரத்துக்குப் பக்கத்துல. தனியா கேட்டா தேன், பியானோ கூட வாசிச்சா உறுத்தும், நடுவுல எங்க நிக்கணும்னு ஒவ்வொருத்தரும் ஒரு கணக்கு வச்சிருப்பாங்க. போதாததுக்கு பெடல அமுக்கும்போது அந்த கூடுதல் இழுவிசையில கிட்டார் பலகையே நூலளவு வளையும், அதனால அமுக்காத கம்பி கூட துளி இறங்கும். நல்ல கிட்டாரா இல்லையான்னு தெரிஞ்சுக்க அத அளந்து பாப்பாங்க.

பீட் டிரேக்னு ஒரு ஸ்டீல்காரர் இதையும் தாண்டி போனாரு. ஸ்டீல் சத்தத்த ஒரு சின்ன ஸ்பீக்கர் வழியா ப்ளாஸ்டிக் குழாய்ல ஏத்தி, குழாய வாய்ல வச்சுகிட்டு, தொண்டையில இருந்து சத்தம் போடாம உதட்ட மட்டும் அசைச்சாரு, வாய் எந்த வடிவத்துல இருக்கோ அந்த உயிரெழுத்து வெளிய வரும், கிட்டாரே பேசும். 1964ல அப்படி ஒரு பாட்டே போட்டாரு. 1970ல பீட்டில்ஸ் குழுவுல இருந்த ஜார்ஜ் ஹாரிசன் ஆல்பத்துக்கு வாசிக்க லண்டன் போனப்ப அங்க இருந்த ராக் கிட்டார்காரர் பீட்டர் ஃப்ராம்ப்டனுக்கு அத காட்டுனாரு, மிச்ச கதை ராக் ரசிகர்களுக்குத் தெரியும். வித்தைதான், ஆனா எனக்கு அவரோட சாதா வாசிப்புதான் பிடிக்கும், பாடுறவர் வாயத் தெறந்தா இவரு வாய மூடிடுவாரு.

செஷன்காரங்களோட நிஜமான திறமை அந்த மூடுறதுலதான் இருந்துச்சு. முதல் சரணத்துல பியானோ நிரப்பும், ரெண்டாவதுல ஸ்டீல், பாட்டு வரி மேல ஏறவே கூடாது. 1968ல தி பேர்ட்ஸ் ராக் பேண்டு நாஷ்வில்லுக்கு வந்தப்ப ஸ்டீல் வாசிக்கிற லாய்ட் கிரீன கூப்பிட்டாங்க, அவரு வழக்கம் போல எந்த இடத்துல எல்லாம் நிரப்பணும்னு கேட்டிருக்காரு, எல்லா இடத்துலயும்னு சொல்லிட்டாங்களாம்.

அதே பேண்டுக்கு வாசிச்ச கிளாரன்ஸ் வைட்டுக்கு டெலிகாஸ்டர்ங்கிற சாதா எலக்ட்ரிக் கிட்டார்லயே அந்த தேம்பல் வேணும்னு ஆசை. அவரோட நண்பர் ஜீன் பார்சன்ஸ், டிரம்மரு, மெக்கானிக் வேலையில கில்லாடி, கிட்டாருக்குள்ள ஸ்பிரிங்கும் லிவரும் வச்சு ஒரு சாமான் செஞ்சு குடுத்தாரு. தோள்ல மாட்டுற பெல்ட்டு அந்த லிவர்ல கட்டியிருக்கும், கிட்டார் கழுத்த கையால கீழ அமுக்குனா பெல்ட்டு லிவர இழுக்கும், பி கம்பி முழு ஸ்தானம் ஏறி சி ஷார்ப் ஆகும், மத்த அஞ்சு கம்பியும் அசையாது. ஸ்டீல்காரரோட முதல் பெடல் பண்ற அதே ப டு த. அந்த கிட்டார் இப்ப மார்ட்டி ஸ்டூவர்ட் கிட்ட இருக்கு, அவரு வாசிக்கிற வீடியோ ஏதாவது கெடைச்சா விரல பாக்காதீங்க, இடது தோள பாருங்க.