படாவியா நகர மண்டபப் படம் வாங்குவதற்கு முன்

பழைய காகிதங்களைச் சீர்செய்வது என் தொழில். டச்சுக்காரர்கள் ஆண்ட வெப்பமண்டல ஊர்களின் பொதுக்கட்டடங்களைக் காட்டும் அச்சுப் படங்களும் அவ்வப்போது என் மேசைக்கு வரும். கொண்டு வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், இது ஒரிஜினலா?" ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. காகிதம் உண்மையிலேயே முந்நூறு வருடப் பழையதாக இருக்கும். ஆனால் விற்றவர் சொன்ன படமாக இருக்காது.

படாவியா நகர மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஜகார்த்தாவில், ஃபத்தஹில்லா சதுக்கத்தில், அருங்காட்சியகமாக நிற்கும் கட்டடம் அது. 1707இல் கட்டத் தொடங்கி 1710இல் திறந்தார்கள். யோஹான் நியூஹோஃப் என்ற பயணியின் புத்தகத்திலும் படாவியா நகர மண்டபத்தின் படம் உண்டு. ஆனால் அவர் 1672இல் மடகாஸ்கரில் காணாமல் போனவர். புத்தகம் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது 1682இல். அப்படியானால் அதில் இருப்பது இதற்கு முன்பு இருந்த மண்டபம். "இன்றும் நிற்கிற கட்டடம் சார், போய்ப் பார்க்கலாம்" என்று யாராவது அந்தப் படத்தை விற்றால், தேதிகளை அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்று பொருள். என்னைக் கேட்டால், நிற்கும் கட்டடத்தின் படத்தைவிட இல்லாமல்போன கட்டடத்தின் படத்துக்குத்தான் கூடுதல் பணம் கொடுப்பேன். விற்பவரிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள்!

அடுத்து யோஹன்னஸ் ராக். டென்மார்க்கில் பிறந்து, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிப் படையில் வேலை பார்த்தவர், 1783இல் இறந்தார். படாவியாவின் கட்டடங்களை நேரில் பார்த்து வரைந்தவர் என்பதால் அவர் பெயருக்கு மவுசு அதிகம். ஆனால் அவர் விட்டுச் சென்றவை கையால் வரைந்த ஓவியங்கள். பெரிய தொகுப்பு இந்தோனேசியத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. எனவே "ராக்கின் ஒரிஜினல் பிரிண்ட்" என்று சொன்னாலே ஒரு கணம் நின்று யோசியுங்கள்.

தலைப்பு கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி அச்சாகியிருக்கும் படங்களும் வரும். அதை அச்சுப் பிழை என்று நினைத்து அதற்காகவே விலை ஏற்றுபவர்கள் உண்டு. பிழையே இல்லை. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் லென்ஸும் முகம் பார்க்கும் கண்ணாடியும் பொருத்திய கருவியில் வைத்துப் பார்ப்பதற்காகவே அச்சிட்டவை அவை. ஜாவாவையே பார்க்காதவர்கள் வரைந்தவை பல. சுவரில் மாட்ட அழகுதான்; கட்டடம் எப்படி இருந்தது என்பதற்கு அவற்றைச் சாட்சியாக வைக்காதீர்கள்.

நம் பக்கத்துப் படங்களும் இந்தச் சந்தையில் உண்டு. யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்த பிலிப்பஸ் பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட புத்தகத்தில் குடாநாட்டுத் தேவாலயங்களின் படங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடமும் அங்கேயே நடந்ததால் அவையும் பொதுக்கட்டடங்கள்தான். புத்தகம் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வந்தபோது படங்களைப் புதிதாகச் செதுக்கினார்கள். படத்தின் அடியில் ஆங்கிலம் இருந்தால் அது அந்த இரண்டாவது வரவு. போலி இல்லை; ஆனால் 1672க்கான விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, கையில் எடுத்ததும் எதைப் பார்ப்பது? முதலில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். கோடுகளுக்குப் பதில் வண்ணப் புள்ளிகள் பூ வடிவில் தெரிந்தால் அது நவீன ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சிட்டது; அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. செப்புத்தகட்டில் கோடுகளைச் செதுக்கி அச்சிட்ட பழைய படத்தில் மை காகிதத்தின் மேல் லேசாகப் புடைத்து நிற்கும். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் இருக்கும். இந்தத் தடத்தை மட்டும் நம்பாதீர்கள். அதைப் பின்னால் அழுத்தி உண்டாக்க முடியும். காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 17ஆம் நூற்றாண்டுக் காகிதம் என்றால் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் தடித்த கோடுகளும் தெரிய வேண்டும். நடுவில் மடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், புத்தகத்தில் மடித்துத் தைத்திருந்த தாள் அப்படித்தான் இருக்கும். வண்ணத்தை மட்டும் அந்த மடிப்பருகே உற்றுப் பாருங்கள். காகிதம் நைந்த இடத்துக்குள் வண்ணம் ஊறியிருந்தால் அது மடிப்பு நைந்த பிறகு, அநேகமாக விற்பதற்காகவே, பூசியது. நியூஹோஃப் புத்தகப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு மையில் மட்டும் வந்தவை.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஈரம் இறங்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், வெயில் படக் கூடாது. ஃபிரேம் கடையில் பின்னால் ஹார்டுபோர்டு வைத்து செலோடேப் ஒட்டித் தர வருவார்கள். அமிலமில்லாத அட்டை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடி காகிதத்தைத் தொடாமல் நடுவில் இடைவெளி இருக்கட்டும். அப்புறம், தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைப் படத்துக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுப்பது அநேகமாக நடக்காத காரியம்.