ஒரே ஒரு பிரதிக்கு பேக்கப் என்று பெயர் வைக்காதீர்கள்

போன ஃபைல்களை மீட்டுத் தாருங்கள் என்று போன வாரம் மட்டும் எங்களிடம் மூன்று பேர் வந்தார்கள். ஹார்டிஸ்க்தான் வேறு வேறு, கதை ஒன்றுதான்.

மூன்றாவதாக வந்தவர் ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்பவர். வீட்டில் அவருக்கு ஒரு டெஸ்க்டாப், மகளுக்கு விண்டோஸ் லேப்டாப், மகனுக்கு மேக்புக். மூன்றுக்கும் பொதுவாக 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டிஸ்க் ஒன்று. வீடியோ காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே மகன் ஒயரைப் பிடுங்கிவிட்டான். மறுநாள் அப்பா சொருகியதும், ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று திரையில் வந்திருக்கிறது. செய்துவிட்டார். அதோடு நின்றதா? காலியாகத்தானே கிடக்கிறது என்று மகள் நான்கு சினிமாப் படங்களை ஏற்றிவிட்டாள்.

"எல்லாம் பேக்கப்பில்தானே சார் இருந்தது, எப்படிப் போகும்?" என்று என்னிடம் கேட்கிறார்.

இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று கட் செய்து ஹார்டிஸ்கில் பேஸ்ட் செய்கிறீர்கள். அது பேக்கப் கிடையாது, வீடு மாற்றுவது. பீரோவில் இருந்த பத்திரத்தை ஸ்கூட்டர் டிக்கிக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அசல் ஓரிடத்திலும் நகல் வேறொரு சாதனத்திலும் இருந்தால்தான் பேக்கப். சிலர் ஒரே ஹார்டிஸ்கில் 'ஃபோட்டோஸ்', 'ஃபோட்டோஸ் காப்பி', 'ஃபோட்டோஸ் ஃபைனல்' என்று மூன்று ஃபோல்டர் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். டிஸ்க் கீழே விழுந்தால் மூன்றும் சேர்ந்தேதான் விழும். சந்தேகமாக இருந்தால் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: இந்த டிஸ்க் இப்போதே கிணற்றில் விழுந்தால் நாளைக்கு உங்கள் வேலை நிற்குமா? நிற்கும் என்றால் உங்களிடம் பேக்கப் இல்லை. அதிலும் இது ஒரு நாளில் நாலு முறை மேசை விட்டு மேசை போகிற டிஸ்க்.

டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைக்குத்தான் ஃபார்மேட் என்று பெயர், அதில் பல வகை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வகை டிஸ்கை மேக் படிக்கும், எழுதாது. ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. அதனால் எல்லோரும் இரண்டிலும் எழுத முடிகிற எக்ஸ்ஃபேட்டுக்குப் போகிறார்கள். அதில் என்டிஎஃப்எஸ்ஸில் இருப்பதுபோல, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஜர்னல் கிடையாது, எழுதும்போது பிடுங்கினால் தாங்காது. "விண்டோஸில் இப்போது ஒயரைக் கழற்றுமுன் எஜெக்ட் கொடுக்கத் தேவையில்லையாமே?" என்று கேட்பவர்களுக்கு: 2018-இல் வந்த மாற்றம் அது, எழுதி முடித்த டிஸ்குக்கு மட்டும்தான் பொருந்தும். மேக்கில் அந்தச் சலுகையும் இல்லை. எஜெக்ட் கொடுங்கள். ஐந்து நொடி வேலை.

ஒருவர் இரண்டு தலை உள்ள யூஎஸ்பி ஒயரை வாங்கி ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் சொருகி, இரண்டிலும் தெரியவில்லையே என்று வந்தார். இரண்டாவது தலை கூடுதல் மின்சாரத்துக்கு ஐயா. இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில்தான் சொருக வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் வேண்டுமென்றால் டிஸ்கை ஊர்வலம் விடாதீர்கள். எப்போதும் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டரில் நிரந்தரமாக மாட்டி, ஃபோல்டரை மட்டும் வைஃபை வழியாக ஷேர் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ் டிஸ்காக இருந்தாலும் அந்த வழியில் மேக்கிலிருந்து எழுதலாம், டிஸ்கோடு பேசுவது விண்டோஸ்தானே. பாஸ்வேர்ட் போடுங்கள். பிள்ளைகளுக்குப் படிக்க மட்டும் அனுமதி போதும். பழைய மீடியா பிளேயருக்காக எஸ்எம்பி 1 என்ற பழைய ஷேரிங் முறையைத் திறந்துவிடாதீர்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் புரோகிராமுக்கு ரேன்சம்வேர் என்று பெயர். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான். அப்புறம், யாராவது கிராக் சாஃப்ட்வேர் போட்டு ரேன்சம்வேரை வீட்டுக்குள் கொண்டுவந்தால், எழுத அனுமதி உள்ள ஷேர் ஃபோல்டரையும் அது பூட்டிவிடும். ஆகவே இந்த ஏற்பாட்டுக்கும் தனியாக ஒரு நகல் வேண்டும். வாரம் ஒருமுறை காப்பி எடுத்துக் கழற்றி பீரோவில் வையுங்கள்.

ஃபார்மேட் கேட்டால் கேன்சல். மேக்கில் 'இனிஷியலைஸ்' என்று கேட்டாலும் தொடாதீர்கள். யூடியூபைப் பார்த்து செக்டிஸ்க் என்ற விண்டோஸ் கருவியை ஓட்டாதீர்கள், அது டிஸ்கைச் சீர்படுத்தப் பார்க்குமே தவிர உங்கள் ஃபைல்களைப் பற்றி அதற்குக் கவலையில்லை. டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றுங்கள். குயிக் ஃபார்மேட்டில் போவது பெரும்பாலும் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மட்டும்தான், சாதாரண ஹார்டிஸ்கில் உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். அதன்மேல் எதையும் எழுதாமல் கொண்டுவாருங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி டிஸ்கில், அழித்த இடத்தைத் துடைக்கச் சொல்லும் டிரிம் ஓடிவிட்டால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஈரோட்டுக்காரருக்குப் புகைப்படங்கள் பெரும்பாலும் கிடைத்தன, பெயர் இல்லாமல் ஆயிரக்கணக்கில். டேலி கணக்கு இருந்த இடத்தில்தான் அந்த நான்கு படங்கள் உட்கார்ந்திருந்தன. இப்போது இரண்டு வருட பில்களைக் கட்டுக்கட்டாக எடுத்து வைத்து மறுபடி என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கிறார். புதிதாக இரண்டு ஹார்டிஸ்க் வாங்கியிருக்கிறார். இரண்டாவது எங்கே இருக்கிறது என்று மகனிடம் சொல்லவில்லையாம்.