லேப் வாசலில் நான் கேட்கும் கேள்வி

முதலாம் ஆண்டு மாணவர்களை வேதியியல் ஆய்வக வாசலிலேயே நிறுத்தி ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம்: "உள்ளே போனதும் முதல் வேலையாக எதைக் கையில் எடுப்பாய்?" பாதிப் பேர் உடனே கையேட்டைப் புரட்டுவார்கள். புரட்டாமல் பதில் சொல்பவர்களைப் பற்றி எனக்கு அன்றைக்குக் கவலை இருக்காது. இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்தவரை கண்ணாடி உடைவதும் கரைசல் கையில் சிந்துவதும், ஒரு கையில் பீக்கரும் மறு கையில் கையேடுமாக அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருப்பவர்களிடம்தான் அதிகம்.

முந்தின நாள் இரவு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். செய்முறையை வாசியுங்கள், கையேட்டை மூடுங்கள், படிகளை உங்கள் சொந்த வார்த்தைகளில் அப்சர்வேஷன் நோட்டில் எழுதுங்கள். பார்த்துப் பார்த்து எழுதினால் கை வலிப்பதுதான் மிச்சம். எந்த இடத்தில் எழுத வராமல் யோசிக்கிறீர்களோ, நாளைக்கு லேபில் விழிக்கப்போவதும் அதே இடத்தில்தான்.

கணக்கையும் வீட்டிலேயே போட்டுவிட வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை ஆக்சாலிக் அமிலத்தால் தரம்பார்க்கும், அதாவது அதன் சரியான செறிவைக் கண்டறியும் பரிசோதனையையே எடுத்துக்கொள்வோம். 0.05 மோலார் (லிட்டருக்கு 0.05 மோல்) ஆக்சாலிக் அமிலம் 250 மி.லி. தயாரிக்க எத்தனை கிராம் வேண்டும்? மூலக்கூறு நிறையை 90 என்று போடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கிடைப்பார்கள். ஆனால் புட்டியில் வழக்கமாக இருப்பது இரண்டு நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்த படிகம். அதன் நிறை 126. ஆக, எடுக்க வேண்டியது சுமார் 1.58 கிராம். 90 என்று போட்டு 1.13 கிராம் எடுத்தவரின் கரைசல், இருக்க வேண்டியதைவிடக் கிட்டத்தட்ட 30 விழுக்காடு செறிவு குறைந்தது. அதன்பிறகு பியூரெட்டை, அதாவது காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவு குறித்த நீண்ட கண்ணாடிக் குழாயை, எவ்வளவு பொறுமையாகத் திருகினாலும் விடை தேறாது.

பியூரெட் ரீடிங் எங்கே வந்து நிற்கும் என்பதையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். ஆக்சாலிக் அமிலம் இரண்டு ஹைட்ரஜன் தருவது. எனவே மேலே சொன்ன கரைசலில் 20 மி.லி. எடுத்தால், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 20 மி.லி. அளவில் செலவாகும். இது தெரிந்தவர் 18 வரை தைரியமாக விடுவார், அப்புறம் சொட்டுச் சொட்டாகப் போவார். முடிவை நிறத்தால் காட்டும் பினாப்தலீனின் வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் மறையாமல் இருந்தால் சரி. நிறம் அடர்ந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

விடை முன்பே தெரிந்தால் ரீடிங்கை அட்ஜஸ்ட் செய்துவிடுவார்களே என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேட்பதுண்டு. செய்கிறவர்கள் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தாவது செய்யத்தான் போகிறார்கள். தவிர, சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். எடை போட்டுக் கரைத்தாலும் அது துல்லியமாக 0.1 ஆக இருப்பது அரிது, அதனால்தானே தரம்பார்க்கிறோம்! மூன்று முறையும் 20.0 என்று எழுதிய நோட்டைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

கண்ணாடி விஷயத்தில் மட்டும் நான் சிரிப்பதில்லை. பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தலைக்கு மேலிருந்த பியூரெட்டில் அண்ணாந்து பார்த்தபடி காரக் கரைசலை ஊற்றினான் ஒரு மாணவன். புனல் நிறைந்து வழிந்து கண்ணில் விழுந்தது. நீர்த்த கரைசல் என்பதாலும், ஓடும் நீரில் இமையைத் திறந்து பிடித்து 15 நிமிடம் விடாமல் கழுவியதாலும், உடனே மருத்துவரிடம் கொண்டுபோனதாலும் தப்பினான். "அமிலம் இல்லையே சார், காரம்தானே" என்று அவன் முதலில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. கண்ணைப் பொறுத்தவரை காரம்தான் பெரும்பாலும் மோசம். திசுவைக் கரைத்துக்கொண்டு ஆழமாக உள்ளே போகும். பியூரெட்டைத் தாங்கியில் கீழே இறக்கி, புனல் கண்மட்டத்துக்குக் கீழே வந்த பிறகே ஊற்றுங்கள். நிரப்பியதும் புனலை எடுத்துவிடுங்கள். அதில் தங்கிய சொட்டு பிறகு விழுந்து ரீடிங்கைக் கெடுக்கும்.

படிக்கும்போது ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் "ஏன்" என்று ஒரு சொல் எழுதிப் பாருங்கள். பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும், கூம்புக் குடுவையை வாலைவடி நீரால் மட்டும் அலச வேண்டும். ஏன்? பியூரெட்டில் ஒட்டியிருக்கும் நீர் கரைசலின் செறிவைக் குறைக்கும். குடுவையில் ஒட்டியிருக்கும் கரைசலோ நீங்கள் அளந்து விட்டதைக் கூட்டிவிடும். அடர் கந்தக அமிலத்தை நீரில்தான் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. ஏன்? கலக்கும்போது வெப்பம் ஏராளமாக வெளியாகும். அடர்த்தி மிகுந்த அமிலத்தின் மேல் விழுந்த நீர் அங்கேயே கொதித்து அமிலத்தோடு தெறிக்கும். காரணம் தெரிந்துவிட்டால் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

உடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: பருத்தி லேப் கோட், பாதத்தை மூடிய காலணி, கட்டிய கூந்தல். கரைசலை உறிஞ்சி அளந்தெடுக்கும் பிப்பெட்டில் வாய் வைக்கவே கூடாது, ரப்பர் பல்பு இருக்கிறது. சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தொடுமுன் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள்.

எதையாவது உடைத்தால், திட்டு விழுமோ என்று பயந்து துண்டுகளைக் கையால் பொறுக்கி மேசைக்கடியில் தள்ள வேண்டாம். அடுத்த வகுப்புக்கு வருபவர் அங்கேதான் கையை விடுவார். என்னைக் கூப்பிடுங்கள், துடைப்பம் என்னிடம் இருக்கிறது.