படுக்கும் உயரம்: கேதாரமும் கயிலையும் போகும் நெல்லைக்காரர் பார்க்க வேண்டிய கணக்கு

பொதிகையின் உச்சியான அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். கேதாரநாத்துக்கு நடை தொடங்குகிற கௌரிகுண்டமே ஏறத்தாழ 1,980 மீட்டர். நம் சீமையின் மலை முடிந்த இடத்துக்கும் மேலேதான் அங்கே முதல் அடி. கயிலையில் கூட்டம் கூடி வடக்கு தாழ்ந்தது, சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள் என்று பாபநாசத்தில் சொல்லும் கதையை நம்பினால், வடக்கு பிறகு நன்றாகவே நிமிர்ந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பாபநாசத்தில் தொடங்கி சேர்ந்தபூமங்கலத்தில் முடியும் நவகைலாயத்தையும் மார்கழி ஞாயிறு ஒன்றில் பஸ்ஸிலேயே சுற்றி வந்தவருக்கு அடுத்து நிஜக் கயிலை மேல் ஆசை வருவது இயல்பு. டூர்க்காரரிடம் அவர் கேட்பது மூன்று: எத்தனை கிலோமீட்டர் நடை, குதிரை உண்டா, சாப்பாடு நம்ம ஊர்ச் சாப்பாடா. மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் யாத்திரையில் ஆட்களைச் சாய்ப்பது பெரும்பாலும் தூரம் இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை மீட்டர் உயரத்தில் படுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் குறையும் என்கிறோம். விகிதம் குறைவதில்லை, திருநெல்வேலி ஜங்ஷனிலும் கயிலையிலும் அது 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். நம் ஊரில் அது பாதரச அளவில் 755 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கேதாரநாத்தில் (3,583 மீ) கோடைக்காலத்தில் 500 வாக்கில். கயிலை வலத்தின் உச்சமான டோல்மா லா கணவாயில் (சுமார் 5,630 மீ) 390-க்கும் கீழே. உள்ளே இழுக்கும் காற்றை மூச்சுக்குழாய் ஈரமாக்கும்போது, அந்த நீராவி எந்த உயரத்திலும் 47 மில்லிமீட்டரைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. மீதியில் 21 சதவீதம்தான் ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளுகிற அழுத்தம். கணக்குப் போட்டால் நெல்லையில் 149, கேதாரத்தில் 95, டோல்மா லாவில் 70-ஐச் சற்றுத் தாண்டும். நீராவியின் பங்கு மாறாததால், வெளிக்காற்று குறைகிற வேகத்தைவிட நுரையீரலுக்குள் நட்டம் கொஞ்சம் கூடுதல்.

இதை முதலில் உணர்வது கழுத்து ரத்தக்குழாய் கிளைக்கும் இடத்தில் இருக்கிற அரிசியளவுச் சதைத்துணுக்கு. கரோட்டிட் உறுப்பு என்று பெயர். ஆக்சிஜன் குறைந்ததும் அது மூளைக்குச் சொல்ல, மூச்சு வேகமாகிறது. அங்கேதான் ஒரு முட்டுக்கட்டை. வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். அது பிடிக்காத மூளை மூச்சை அடக்கப் பார்க்கும். இந்த இழுபறியைத் தீர்ப்பது சிறுநீரகம். பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றி ரத்தத்தைச் சரிக்கட்டும். பிறகு மூச்சு தடையில்லாமல் கூடலாம். இதற்கு இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். மேலே போனதும் அடிக்கடி சிறுநீர் வருவது உடம்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ராத்திரி குளிரில் எழுந்து போகச் சோம்பி தண்ணீரைக் குறைப்பவர்கள் தங்களுக்கே கெடுதல் செய்கிறார்கள். சிவப்பணுக்கள் பெருகுவதைப் பலரும் முதலில் சொல்வார்கள். உண்மையில் அது வாரக்கணக்கில் நடப்பது, பத்து நாள் யாத்திரைக்கு அதனால் பெரிய பயனில்லை.

படுக்கும் உயரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? தூக்கத்தில் மூச்சு தானாகவே தணியும், அதனால் ஒரு நாளில் ஆக்சிஜன் அளவு அடிமட்டத்துக்குப் போவது ராத்திரியில்தான். பகலில் ஓர் உயரத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிட்டால் உடம்பு தாங்கிக்கொள்ளும். அங்கேயே எட்டு மணி நேரம் படுத்தால் கதை வேறு. பக்கத்தில் படுத்திருப்பவர் பத்துப் பதினைந்து விநாடி மூச்சே விடாமல் கிடந்து, பிறகு பெரிதாக நாலைந்து மூச்சு இழுப்பதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். மேலே சொன்ன இழுபறிதான் தூக்கத்தில் அப்படித் தெரிகிறது. அது மட்டும் இருந்தால் பயமில்லை.

மலை மருத்துவர்கள் சொல்லும் விதி எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு. இதைக் கையில் வைத்துக்கொண்டு டூர் நிரலைப் படித்தால் பல நிரல்கள் நிற்காது.

கேதாரத்தையே எடுத்துக்கொள்வோம். குப்தகாசியில் (1,319 மீ) படுத்து, காலையில் கௌரிகுண்டத்திலிருந்து 16 கிலோமீட்டர் ஏறி, சாயங்காலம் 3,583-ல் படுப்பது வழக்கம். ஒரே நாளில் படுக்கை 2,200 மீட்டருக்கு மேல் உயர்கிறது. உயரம் பழகாத உடம்புக்குத் தலைவலியோடு வரும் மலைநோய், பெரும்பாலும் போய்ச் சேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்தில் தலைகாட்டும் என்பதால், சாயரட்சை தரிசனம் நன்றாகவே நடக்கும். நள்ளிரவில் தலை இடிக்கும். ஹெலிகாப்டரில் போய் இரண்டு மூன்று மணி நேரத்தில் திரும்புகிறவர் நோய் பிடிக்கும் முன்பே கீழே வந்துவிடுகிறார். உடம்பை வருத்தி நடந்தவருக்குத் தலைவலி, பறந்து போனவருக்கு ஒன்றுமில்லை என்றால் அநியாயமாகத்தான் தோன்றும், ஆனால் அதுதான் உடலியல். ஒன்று: இதய நோய் உள்ளவருக்கு இந்தச் சலுகை கிடையாது, ஆக்சிஜன் குறைவு அவரை இறங்கிய நிமிடத்திலேயே தாக்கும். குதிரையும் டோலியும் காலின் வேலையைக் குறைக்குமே தவிர உயரத்தைக் குறைக்காது. யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதாரம், பத்ரி என்ற நான்கு தாம் யாத்திரையின் பழைய வரிசையில் கேதாரத்துக்கு முன்பே கங்கோத்ரி வருகிறது. அங்கே (சுமார் 3,100 மீ) ஓர் இரவு தங்கினால் அந்தப் பழக்கத்தின் ஒரு பங்கு சில நாள் உடம்பில் நிற்கும். நேரே கேதாரத்துக்கு ஓடுகிற ‘இரண்டு தாம்’ பேக்கேஜுக்கு அந்த வசதி இல்லை.

கயிலை வேறு விதம். நேபாளம் வழியாகப் போகும் தனியார் குழுக்கள் காத்மாண்டு (1,400), கேரூங் (சுமார் 2,800), சாகா (சுமார் 4,500), மானசரோவர் (சுமார் 4,590) என்று தங்கும். கேரூங்கிலிருந்து சாகாவுக்கு ஒரே தாவலில் 1,700 மீட்டர். அதுவும் வண்டியில் உட்கார்ந்தபடியே. இந்தத் தாவலைத் தவிர்க்க இடையில் வசதியான தங்குமிடம் இல்லை என்பார்கள். அப்படியானால் கேரூங்கில் இரண்டு இரவு, பகலில் பக்கத்து மலையில் 300, 400 மீட்டர் ஏறி இறங்கல், வலம் தொடங்கும் முன் சாகாவிலோ ஏரிக்கரையிலோ இரண்டு இரவு என்பதாவது நிரலில் இருக்க வேண்டும். அரசு நடத்தும் லிபுலேக் வழியில் குஞ்சியில் (சுமார் 3,200 மீ) தங்கவைத்து, இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மருத்துவர்கள் மறுபடியும் சோதிப்பார்கள். டெல்லியில் தேறியவரும் அங்கே திருப்பி அனுப்பப்படலாம். உடல் நிறை குறியீடு 25-ஐத் தாண்டக் கூடாது, வயது 18 முதல் 70 என்ற அரசு விதிகளும் உண்டு.

கயிலையில் ஆபத்து கூடுவதற்கு உயரம் மட்டும் காரணமில்லை. கேதாரத்தில் ஒருவருக்கு முடியாமல் போனால் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கலாம், ஒவ்வொரு வளைவுக்கும் காற்று கனக்கும். திபெத் பீடபூமியில் இறங்குவதற்குப் பள்ளமே இல்லை; பெரும்பாலான பக்கம் வண்டி ஓட்டினாலும் வெகுதூரம் 4,500 மீட்டரை ஒட்டித்தான். வலத்தின் 52 கிலோமீட்டரில் முதல் இரவு டீராபுக்கில், 5,000 மீட்டரை ஒட்டி. மறுநாள் விடியும் முன் கிளம்பி டோல்மா லா. பாதி ஏற்றத்தில் ஒருவர் தள்ளாடினால், “இன்னும் கொஞ்ச தூரம்தான், தாண்டிட்டா இறக்கம்” என்று தேற்றிக் கூட்டிப்போவது மிகப் பெரிய தவறு. வந்த வழியே உடனே இறக்க வேண்டும். இதோடு குழு விசா என்ற சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. எல்லோரும் சேர்ந்து நுழைந்து சேர்ந்து வெளியேற வேண்டும் என்பதால், தன்னால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று நோயை மறைப்பவர்கள் உண்டு.

மறைப்பதற்கு நம் ஊரில் ஒரு வாசகமே இருக்கிறது: “ஒண்ணும் இல்ல, லேசா தலவலி. காப்பி குடிச்சா சரியாயிரும்.” இதில் பாதி உண்மையும் இருக்கலாம். தினம் மூன்று டம்ளர் ஃபில்டர் காபி குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் அதனாலேயே தலை வலிக்கும், அது மலைநோயின் தலைவலி போலவே இருக்கும். காபியை நிறுத்தாதீர்கள். காபி குடித்தும், பாராசிட்டமால் போட்டும், தலைவலியோடு குமட்டல், பசியின்மை, கிறுகிறுப்பு, அசதி இவற்றில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் மலைநோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதே உயரத்தில் ஓய்வு. ஒரு நாளில் தணியாவிட்டால் இறக்கம். அறிகுறியோடு மேலே ஒரு மீட்டர்கூடப் போகக் கூடாது.

உயிரைப் பறிப்பவை இரண்டு. மூளை வீங்கினால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், ஆள் ஒதுங்கி ஒதுங்கிப் படுப்பார். “அண்ணாச்சி, எந்திரிச்சு இந்தக் கோட்டுமேல குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டி ஒட்டி வச்சு பத்து அடி நடங்க” என்று சொல்லிப் பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்க நேரமில்லை. நுரையீரலில் நீர் கோப்பது இன்னொன்று, வந்து சேர்ந்த இரண்டாம் மூன்றாம் இரவில் அதிகம். நுரையீரலின் ரத்தக்குழாய்களுக்கு ஒரு பழக்கம்: ஆக்சிஜன் குறைந்த மூலைக்கு ரத்தம் போகாமல் அங்கே சுருங்கிக்கொள்ளும். சமவெளியில், சளி அடைத்த ஒரு மூலையைத் தவிர்க்க இது நல்ல ஏற்பாடு. மலையில் எல்லா மூலையும் ஆக்சிஜன் குறைந்த மூலை. எல்லாம் சுருங்க, அழுத்தம் ஏறி, நுண்குழாய்கள் கசிகின்றன. குளிரும் கடும் உழைப்பும் இதைக் கூட்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஓயாத இருமல், பிறகு இளஞ்சிவப்பு நுரை. 1962 போரில் அவசரமாக மலைக்கு ஏற்றப்பட்ட நம் வீரர்களிடம் இந்த நோய்கள் கண்டறியப்பட்டன. இராணுவ மருத்துவர் இந்தர் சிங் குழுவினர் 1,925 வீரர்களைப் பற்றி 1969-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர்கள் தேர்ந்தெடுத்த, வலுவான இளைஞர்கள். தோரணமலையும் திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலும் வாராவாரம் ஏறிப் பழகினால் தொடையும் முழங்காலும் பலப்படும், இறக்கத்தில் அது பெரிய உதவி. மலைநோய்க்கு அது காப்பு இல்லை.

மாத்திரைகளில் அசிட்டசோலமைடு, சிறுநீரகம் நாலு நாளில் செய்கிற வேலையை ஒரு நாளில் தொடங்கிவைக்கிறது. வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏற்றத்துக்கு முந்தின நாளிலிருந்து. கேரூங் வழியென்றால் சாகாவுக்குக் கிளம்பும் முந்தின நாள். விரல் நுனி மரமரப்பு, கோலி சோடா சப்பென்று தெரிவது சகஜம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவரும் சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்ப்பது நல்லது. மூளை வீக்கத்துக்கான டெக்சாமெத்தசோன், நுரையீரல் நீருக்கான நிஃபெடிபின் இரண்டும் வழிகாட்டியின் பெட்டியில் இருக்க வேண்டிய அவசர மருந்துகள்; இறங்கும்வரை தாக்குப்பிடிக்க மட்டும். தூக்க மாத்திரை மூச்சை அடக்கும், கூடாது. பிரஷர் மாத்திரையை ‘மலையில் எதற்கு’ என்று நிறுத்தக் கூடாது. இன்சுலின் உறைந்தால் வீண், ஸ்வெட்டருக்குள் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும்.

துணிமுடிச்சில் கற்பூரத்தை வைத்து முகரக் கொடுப்பார்கள். மூக்கில் குளிர்ச்சி தெரியும், மூச்சு திறந்தாற்போலத் தோன்றும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு புள்ளியும் ஏறாது. விழுங்கினால் விஷம்.

சாப்பாட்டில் நம் ஊருக்கு ஒரு சாதகம் உண்டு. மாவுச்சத்தை எரிக்கும்போது அதே ஆக்சிஜனுக்குக் கொழுப்பைவிடச் சற்றுக் கூடுதல் சக்தி கிடைக்கும், அதனால் சோறும் கஞ்சியும் சரியான மலையுணவு. தேங்காய்ப்பால் சொதியை ஊருக்கு வந்து வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 டிகிரி குறைவாகவே கொதிக்கும். மானசரோவரில் 85 டிகிரிதான், குக்கர் இல்லாமல் அரிசி நடுவில் முனை தட்டும். வெயில் பழகிய உடம்புக்குக் குளிர்க் கணக்கும் இதே மாதிரி: 1,000 மீட்டருக்கு சுமார் 6.5 டிகிரி இறக்கம்.

நடையின் வேகத்துக்குக் கருவி வேண்டாம். ‘நமசிவாய’வை மூச்சு அறுபடாமல் வாய்விட்டுச் சொல்ல முடிகிற வேகம் சரியான வேகம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உதவும், ஆனால் குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சிலும் தப்பாகக் காட்டும். கையை உரசிச் சூடாக்கி ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். 3,500 மீட்டரில் 85 முதல் 92 வரை சாதாரணம். ஒரே குழுவில் எல்லோரும் 86 காட்ட ஒருவர் மட்டும் 72 என்றால், அவர் வாயால் என்ன சொன்னாலும் கவனிக்க வேண்டியவர்.

முன்பணம் கட்டும் முன் டூர்க்காரரிடம் ஆக்சிஜன் பற்றியும் கேளுங்கள். கையடக்க ஸ்ப்ரே டப்பாவில் 10 லிட்டர் வாயு இருந்தால், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 5 நிமிடம்தான். 10 லிட்டர் கொள்ளளவுள்ள இரும்பு சிலிண்டரை 150 பார் (ஒரு பார் ஏறத்தாழ கடல்மட்டக் காற்றழுத்தம்) அழுத்தத்தில் நிரப்பினால் 1,500 லிட்டர், அதே வீதத்தில் பன்னிரண்டரை மணி நேரம். கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்கினால் போதும், எந்த சிலிண்டருக்கும் கணக்கு வந்துவிடும். இறங்க வழியில்லாத கயிலைக்கு, ஆளை உள்ளே படுக்கவைத்துக் காற்றடித்து அழுத்தம் ஏற்றும் பையும் குழுவோடு வர வேண்டும்; உள்ளிருப்பவருக்கு 1,500 மீட்டருக்கு மேல் கீழே இறங்கியதற்குச் சமம். அதை இயக்கத் தெரிந்தவர் யார் என்று பெயரோடு கேட்டு வையுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் உயர வரம்பு போட்டிருக்கிறதா, ஹெலிகாப்டர் மீட்புச் செலவு சேர்ந்திருக்கிறதா என்பதைப் பத்திரத்திலேயே பாருங்கள். வாய்ச்சொல்லை அங்கே யாரும் ஏற்க மாட்டார்கள்.