பட்டனில் என்ன எழுதியிருக்கிறது?

மெசேஜ் பாக்ஸ் ஒன்று திரையில் வந்து நின்றால் பயனரின் கண் நேராகப் பட்டனுக்குத்தான் போகிறது. மேலே நாலு வரி விளக்கம் இருந்தாலும் பெரும்பாலோர் படிப்பதில்லை. பயனர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இது புரியும். இதை நான் அசட்டை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் ஏதோ வேலையில் இருக்கிறார்கள்; குறுக்கே போனது நம் மென்பொருள்.

அதனால் டயலாக் (இப்படிக் குறுக்கே வந்து கேட்கும் பெட்டி) வடிவமைக்கும்போது பட்டனில்தான் தொடங்குவேன். "மாற்றங்களைச் சேமிக்காமல் வெளியேறவா?" என்று கேட்டு 'ஆம்', 'இல்லை' கொடுத்தால், 'ஆம்' என்பது சேமிப்பதா, இழப்பதா என்று அவசரத்தில் யாருக்கும் தெரியாது. 'சேமி', 'சேமிக்காதே', 'திரும்பிப் போ' என்று வைத்துப் பாருங்கள். கேள்வியைப் படிக்காதவரும் தப்பித்துவிடுவார். இதைவிட மோசம், "பதிவிறக்கத்தை ரத்து செய்யவா?" என்பதற்குக் கீழே 'சரி', 'ரத்து'. அந்த 'ரத்து' எதை ரத்து செய்யும்? 'பதிவிறக்கத்தை நிறுத்து', 'தொடரட்டும்' என்றால் குழப்பமே இல்லை.

விண்டோஸின் பழைய மெசேஜ்பாக்ஸில் பட்டன் பெயர்களை நம் இஷ்டத்துக்கு வைக்க வழி கிடையாது. ஆனால் விண்டோஸ் விஸ்டாவிலேயே டாஸ்க்டயலாக் என்ற புதிய வகைப் பெட்டி வந்துவிட்டது. அதில் பட்டனுக்கு நாமே பெயர் வைக்கலாம். இன்னும் 'ஆம்/இல்லை'யிலேயே நிற்பதற்குக் காரணம் பழக்கம் மட்டும்தான். 'ஆம்/இல்லை' மெசேஜ்பாக்ஸில் இன்னொரு தொல்லையும் உண்டு: எஸ்கேப் விசை வேலை செய்யாது, மூலையில் உள்ள மூடும் குறியும் செயல்படாது. பின்வாங்க நினைப்பவருக்குக் கதவே இல்லை.

அடுத்து, என்டர். டைப் செய்துகொண்டிருக்கும்போது டயலாக் முளைத்தால், அவர் அடுத்து தட்டும் என்டர் அதற்குத்தான் போய்ச் சேரும். 'அழி' என்பது டீஃபால்ட்டாக, அதாவது என்டர் தட்டினால் தானாக அழுத்தப்படும் பட்டனாக இருந்தால் கதை முடிந்தது. இழப்பு தரும் எதையும் டீஃபால்ட்டாக வைக்காதீர்கள். முடிந்தால் கேட்கவே கேட்காதீர்கள்: ரீசைக்கிள் பின் மாதிரி திரும்ப எடுக்க வழி செய்துவிட்டால் 'நிச்சயமா?' என்ற கேள்விக்கே இடமில்லை. எடுத்ததற்கெல்லாம் கேட்டால், உண்மையிலேயே ஆபத்தான இடத்திலும் கை தானாகச் 'சரி'யை அழுத்திவிடும்.

பிழைச் செய்திகளில் என் வருத்தமே வேறு. "சேமிக்க முடியவில்லை. பிழை 32." விண்டோஸில் 32 என்றால் அந்தக் கோப்பை வேறொரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியும், கணக்கு எழுதுகிறவருக்கு எப்படித் தெரியும்? "இந்தக் கோப்பு வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது. அதை மூடிவிட்டு மறுபடி சேமியுங்கள், அல்லது வேறு பெயரில் சேமியுங்கள்" என்று எழுத ஒரு நிமிடம் ஆகுமா?

எண்ணைத் தூக்கிப் போட வேண்டாம், சப்போர்ட்டில் இருப்பவருக்கு அது தேவை. கடைசி வரியில் இருக்கட்டும். விண்டோஸின் மெசேஜ்பாக்ஸில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் முழுச் செய்தியும் காப்பியாகிவிடும், பலருக்கு இது தெரியாது. சொந்தமாக டயலாக் எழுதுகிறவர்கள் இந்த வசதியை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து சேர்த்துவிடுங்கள், பயனர் போனில் எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்ட வேண்டியிருக்காது.