ஆட்டத்தோடு பொருந்தும் பாகங்கள்: பழைய பலூன் டயர் சைக்கிளைக் கோக்கும் முன்

கடற்கரை மணலில் ஒல்லி டயர் சைக்கிள் இறங்கினால் முன்சக்கரம் புதையும். அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மீன் பெட்டி கட்டுபவரும் வலை மூட்டை ஏற்றுபவரும் தடித்த பலூன் டயருக்கு ஆசைப்படுவது அதனால்தான். காயலான் கடையில் ஒரு ஃப்ரேம், யாரோ வீட்டுக் கொல்லையில் கிடந்த ரிம், பையன் ஓட்டிவிட்டுப் போட்ட சின்ன சைக்கிளின் பெடல் என்று சேர்த்து ஒரு வண்டியைக் கோத்துவிடலாம். நன்றாகவே ஓடும். ஆனால் இப்படிக் கோத்த வண்டி பட்டறைக்குத் திரும்பி வரும்போது பெரும்பாலும் ஒரே காரணம்தான். சுத்தமாகப் பொருந்தாத பாகம் பூட்டும்போதே தெரிந்துவிடும், அதனால் ஆபத்தில்லை. கொஞ்சம் தட்டினால், ஒரு தகரத் துண்டு வைத்தால், ஆட்டத்தோடு பொருந்துகிறதே, அதுதான் நடுரோட்டில் கழலும்.

முதலில் டயர். கடையில் போய் "26 கொடுங்க" என்றால் போதாது. அந்தப் பெயரில் குறைந்தது நான்கு அளவுகள் உண்டு. டயரின் பக்கவாட்டில் 57-559 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயரின் ஓரம் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். பலூன் டயரான 26 × 2.125-க்கு அந்த இரண்டாவது எண் 559. அமெரிக்காவில் ஷ்வின் கம்பெனி 1933-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அளவு இது. பின்னால் வந்த மவுண்டன் பைக்குகளும் இதையே எடுத்துக்கொண்டதால் டயருக்கு இன்றும் பஞ்சமில்லை. 26 × 1½ என்றால் 584, 26 × 1⅜ என்றால் 590. குழப்பமெல்லாம் 1.75-இல்தான். பள்ளிக்கூடக் கணக்கில் 1.75-உம் 1¾-உம் ஒன்று. டயரில் இரண்டும் வேறு. புள்ளி வைத்து எழுதிய 26 × 1.75 என்பது 559, பின்னமாக எழுதிய 26 × 1¾ என்பது 571.

வித்தியாசம் 12 மி.மீ.தானே என்று 571 டயரை 559 ரிம்மில் போட்டால் கையாலேயே சுலபமாக ஏறும். அப்படிச் சுலபமாக ஏறுவதே கெட்ட அறிகுறி. காற்றடிக்கும்போது ஒரு பக்கம் ஓரம் ரிம்மை விட்டு மேலே ஏறும், அந்த இடைவெளியில் டியூப் குமிழாகத் தலைநீட்டும், பிறகு வெடிக்கும். சுமையோடு இறக்கத்தில் போகும்போது வெடித்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரிம்மில் எண் அழிந்திருந்தால், டயர் ஓரம் உட்காரும் தோள்மேல் நூலைச் சுற்றி அளந்து பாருங்கள். 1756 மி.மீ. வந்தால் 559. 1794 என்றால் 571, 1835 என்றால் 584, 1854 என்றால் 590. தங்கூசியால் (நைலான் நரம்பால்) அளக்க வேண்டாம், இழுபடும். பருத்தி நூல் போதும். டயர் போட்டபின் பாதிக் காற்றில் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் ஓடும் மெல்லிய வார்ப்புக் கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும்.

அடுத்த தவறு, 28 அங்குலப் பெரிய சைக்கிள் ஃப்ரேமில் பலூன் சக்கரத்தைத் திணிப்பது. பெரிய சைக்கிளின் ரிம் 635. டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர். பலூன் சக்கரம் 67-க்குள் நின்றுவிடும். வண்டி இரண்டு சென்டிமீட்டர் போலக் கீழே இறங்கும், வளைவில் சாயும்போது பெடல் தரையில் இடிக்கும். அகலமும் இடிக்கும். 54 மி.மீ. டயருக்குப் பக்கத்துக்கு 6 மி.மீ. விட்டால் பின் கம்பிகளுக்கிடையே 66 மி.மீ. வேண்டும், 40 மி.மீ. டயருக்குச் செய்த ஃப்ரேமில் பெரும்பாலும் அது இருக்காது. கம்பியைச் சுத்தியலால் நசுக்கி இடம் பண்ணிய ஃப்ரேம்களில் அந்த நசுங்கலில்தான் பின்னால் வெடிப்பு விடுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் பிரேக். பெரிய சைக்கிளின் கம்பி பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை, அதாவது சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைப் பார்த்த முகத்தைப் பிடிக்கும். ரிம் 635-இலிருந்து 559-ஆனால் அந்த முகம் 38 மி.மீ. உள்ளே போய்விடுகிறது, கட்டை எட்டவே எட்டாது. "பிரேக் பிறகு பார்த்துக்கலாம்" என்று காலைத் தேய்த்து நிறுத்தும் வண்டிகள் எல்லாம் இப்படிப் பிறந்தவைதான். ஃப்ரேமும் ஃபோர்க்கும் 26 × 2.125-க்கென்றே செய்தவையாக இருக்கட்டும். மற்றதை எங்கிருந்தும் எடுங்கள். பழைய மவுண்டன் பைக் ஃப்ரேம் அழகில் கொஞ்சம் குறைவுதான், ஆனால் இதற்குச் சரியாக அமையும். பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் கிடைத்தால் நல்லது. அதன் பக்கவாட்டுப் பட்டையைப் பின் கம்பியோடு கிளிப் போட்டு இறுக்க மறக்கக் கூடாது. மறந்தால் பிரேக் பிடிக்கும்போது அச்சு தானும் சுழன்று, சக்கரம் பூட்டிக்கொள்ளும். செயின் அறுந்தால் அந்த பிரேக்கும் போச்சு. ஆகவே முன்சக்கரத்துக்குத் தனியாக ஒரு பிரேக் கட்டாயம்.

சக்கரம் கட்டும்போது துளைகளை எண்ணுங்கள். பெரிய சைக்கிளில் முன் ஹப் 32, பின் ஹப் 40. மவுண்டன் பைக் ரிம்களில் பெரும்பாலும் 36. நாற்பது துளை ஹப்பில் நான்கை விட்டுவிட்டு 36 துளை ரிம்மைக் கட்டினால் கோட்டம் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கும். ஸ்போக் முனை, அதை ரிம்மில் இறுக்கும் நிப்பிளின் தலையில் ஸ்க்ரூடிரைவர் வைக்கும் வெட்டு வரை வர வேண்டும். குறைந்தால் நிப்பிள் தலை முறியும், நீண்டால் டியூபைக் குத்தும்.

மரை விஷயத்தில் ஒரே ஒரு விதி: நட்டோ, பால்ரஸை அணைத்து நிற்கும் கோனோ கடைசி வரை விரலாலேயே ஏற வேண்டும். நம்மூர்ப் பழைய பின் அச்சு ⅜ அங்குலம், அங்குலத்துக்கு 26 மரை. புதிய அச்சுகள் பல 10 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ. அந்த 10 மி.மீ. நட்டு பழைய அச்சில் ஆடிக்கொண்டே போகும். ஸ்பானர் போட்டு இறுக்கினால் மரை வழித்துக்கொண்டு வரும். பெடலும் இதே கதைதான். சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் ஒற்றைத் துண்டுக் கிராங்கில் (பெடல் மாட்டும் தண்டில்) வரும் பெடல் ½ அங்குலம், பெரிய வண்டிக்கு 9/16. சிறியதில் துணி சுற்றி, தகரம் சுற்றிப் பெரிய துளையில் திருகியவை கால் வைத்து எழும்போது பிடுங்கிக்கொள்ளும். இடப்பக்கப் பெடலுக்கும் வலப்பக்க பிபி கப்புக்கும் (கிராங்க் அச்சைத் தாங்கும் கிண்ணம்) இடப்புரி மரை என்பதையும் நினைவில் வையுங்கள். ஹேண்டில் தண்டும் அப்படியே: 22.2 மி.மீ. துளைக்கு 21.1 மி.மீ. தண்டைத் தகரம் வைத்துப் பூட்டக் கூடாது. சரியான தண்டானாலும் 65 மி.மீ.யாவது உள்ளே இறங்கியிருக்க வேண்டும்.

பால்ரஸ்களை மொத்தமாக மாற்றுங்கள், பழையதும் புதியதும் கலக்க வேண்டாம். முன் ஹப்பில் பக்கத்துக்கு 10, அளவு 3/16 அங்குலம். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, அளவு ¼. கிராங்க் அச்சில் பக்கத்துக்கு 11, அதே ¼.

காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பிடிக்கும் ஆப்பு) வைத்த கிராங்க் என்றால் இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். இல்லையென்றால் பெடல்கள் நேர்க்கோட்டில் நிற்காது. நட்டை இறுக்கிப் பின்னை இழுக்கப் பார்க்காதீர்கள், அதன் மெல்லிய மரை தாங்காது. கிராங்குக்கு அடியில் ஒரு குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்துப் பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்கி, அதன்பிறகு நட்டை இறுக்க வேண்டும். முட்டில்லாமல் அடித்தால் அடியெல்லாம் பால்ரஸ் வழியாகக் கப்பில் இறங்கிக் குழிவிழும். அப்புறம் மிதிக்கும்போது கடகடக்கும்.

இத்தனையும் எந்த ஊருக்கும் பொருந்தும். ராமநாதபுரம் கரைக்கென்று இரண்டு எதிரிகள் தனியாக உண்டு.

ஒன்று உப்பு. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் நேராகப் பின் ரிம்மில் சொட்டும்; முன் ரிம் பளபளக்க, பின் ரிம் உளுத்திருப்பது இதனால்தான். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் டியூப் நாடாவைக் கழற்றிப் பாருங்கள். நாடாவுக்கு அடியில் ஈரம் தங்கி, நிப்பிள் துளைகளைச் சுற்றி இரும்பு அப்பளமாக உதிரும். ஊசியால் குத்தி உள்ளே போனால் அந்த ரிம் வேண்டாம். பெட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் பாயைப் போட்டு, தண்ணீர் மட்கார்டுக்கு வெளியே வடியும்படி விட்டாலே ரிம்மின் ஆயுள் கூடும். ஃப்ரேம் வாங்கும்போது கிராங்க் அச்சு உட்காரும் பிபி கூட்டின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்காமல் மொத்தென்று கேட்டால் உள்ளே துரு. அலுமினிய சீட் தண்டு இரும்பு ஃப்ரேமுக்குள் கிரீஸ் இல்லாமல் இறங்கினால் உப்புக் காற்றில் இரண்டும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க முடியும். வண்டியைக் கழுவுகிறேன் என்று உவர் போர்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். காய்ந்ததும் உப்புதான் மிஞ்சும். காசு கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரைக் கொட்டவும் மனம் வராது, கொட்ட வேண்டியதும் இல்லை. ஒரு சொம்பில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும்.

இரண்டாவது சீமைக்கருவேல முள். பலூன் டயர் அகலமானது, ஆகவே கூடுதல் முள்ளை வாரும். முனை முறிந்து ரப்பருக்குள்ளேயே நின்றுவிடுவதால், ஒட்டுப் போட்ட மறுநாளே பழைய இடத்தில் பஞ்சர் ஆகும். டயரின் உட்புறத்தை விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும். பஞ்சைச் சுற்றிலும் ஓட்டினால் முள் இருக்குமிடத்தில் இழை மாட்டும். முள்ளை வெளிப்பக்கமாக இழுக்கப் பார்க்காமல், கொறடால் உள்பக்கமாகப் பிடுங்கி எடுங்கள்.

காற்று சுமைக்கு ஏற்ப 35 முதல் 45 பிஎஸ்ஐ வரை. டயரில் அச்சிட்டதைத் தாண்ட வேண்டாம். மணலில் இறங்கும்போது சுமையில்லாவிட்டால் 25 வரை இறக்கலாம், தார்ரோட்டில் ஏறியதும் திரும்ப அடித்துவிட வேண்டும். முதல் 40, 50 கிலோமீட்டர் ஓடியபின் காட்டர் பின்னை இன்னொரு முறை அடித்து நட்டை இறுக்கி, ஸ்போக்குகளை ஜோடி ஜோடியாகக் கிள்ளிப் பார்த்துத் தொய்ந்ததைச் சரிசெய்யுங்கள். அதுவரை கேரியரில் பெட்டி கட்ட வேண்டாம்.