மிஞ்சும் ஐந்து சென்டிமீட்டர் காற்று

கோவை வாசகர் ஒருவர் மலைச்சைக்கிள் வாங்கியிருக்கிறார். முன்ஃபோர்க்கில் 150 மி.மீ. ட்ராவல். "மேடு ஏறினால் முன்சக்கரம் தூக்குகிறது. இறக்கத்தில் பெரிய கல் வந்தால் 'டங்'கென்று அடி வரை இடிக்கிறது. ட்ராவலைக் குறைக்கவா, கூட்டவா?" என்று கேட்கிறார்.

ட்ராவல் என்பது ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்தத் தூரம். ஏற்றமும் இறக்கமும் கலந்த கிராஸ்கன்ட்ரி ஓட்டத்துக்கு 100-120 மி.மீ., காட்டுப் பாதைக்கு 130-150, செங்குத்து இறக்கப் பந்தயத்துக்கு 200. 1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் நடந்த உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் இறக்கப் பந்தயத்தை வென்றது ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் ஃபோர்க்கில்தான். அது அமுங்கிய தூரம் 5 செ.மீ.கூடக் கிடையாது! ஆகவே மில்லிமீட்டர் கூடக் கூட வண்டி ஒசத்தி என்பது, புது வண்டியின் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவதைப் போன்ற நம்பிக்கைதான். பழமாவது பத்து ரூபாயோடு போகும்.

இப்போதைய ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றில் சுருள்வில் இல்லை. ஒரு காலுக்குள் அடைத்த காற்றுதான் வில். (இன்னொரு காலில் எண்ணெய். அதன் கதை வேறு.) சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். முதல் பாதி சுலபமாகப் போகும். கடைசி இரண்டு விரற்கடைக்கு உடம்பு எடையையே போட வேண்டியிருக்கும். பள்ளியில் படித்த பாயில் விதிதான். கனஅளவு பாதியானால் அழுத்தம் இரட்டிப்பு.

கணக்குக்காக, காற்றுத்தம்பத்தின் நீளம் 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தொடக்க அழுத்தம் 100. ஃபோர்க் 75 மி.மீ. அமுங்கும்போது 160 ஆகிறது. 150 மி.மீ.யும் அமுங்கிவிட்டால் மிஞ்சுவது 5 செ.மீ. காற்று, அழுத்தம் 400. இப்போது காற்றை முழுக்க இறக்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றி, 20 மி.மீ. இடத்தை அடைக்கும் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைப் போடுங்கள். 'டோக்கன்' என்பார்கள். தம்பம் 180 ஆகிவிட்டது. அதோடு, மறுபடி காற்றடிக்கும்போது கொஞ்சம் குறைத்து 90இல் தொடங்குங்கள். பாதி வழியில் 154, முன்னைவிடக் குறைவு. கடைசியிலோ 540! மேலே இளகி, அடியில் இறுகிவிட்டது. கட்டைவிரல் அளவுத் துண்டுக்கு இந்தச் சாமர்த்தியம் இருப்பதை நினைத்து நான் இன்னமும் குஷியாகிறேன்.

காற்றுக்கு ஒரு வீம்பும் உண்டு. உள்ளே 80 பிஎஸ்ஐ இருந்தால், காற்றை அமுக்கும் பிஸ்டனைச் சுமார் 45 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அதற்குக் குறைந்த அடிக்கு அசையவே அசையாது. பொடிக்கல்லெல்லாம் நேராக மணிக்கட்டில் இறங்கும். அதனால்தான் பிஸ்டனுக்குக் கீழே எதிர்த்துத் தள்ள இன்னொரு காற்றறை வைத்திருக்கிறார்கள். இரண்டும் மல்லுக்கட்டிச் சமனாக நிற்பதால் லேசான தட்டுக்கே ஃபோர்க் இறங்குகிறது.

ஒரு குமிழைத் திருகி ஏற்றத்துக்கு ட்ராவலைக் குறைத்துக்கொள்ளும் ஃபோர்க்குகளும் வந்தன. கசியாமல் அடைக்கும் சீல்கள் கூடின, சிக்கலும் கூடியது. இப்போது அரிதாகவே தென்படுகின்றன. மற்றபடி ட்ராவலை மாற்ற உள்ளே பிஸ்டனைத் தாங்கும் தண்டான ஏர்ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும். 20 மி.மீ. கூட்டினால் முன்பக்கம் உயர்ந்து, ஹேண்டில் கோணம் சுமார் ஒரு டிகிரி சாயும். ஏற்றத்தில் சக்கரம் இன்னும் அலையும். குறைத்தால் பெடல் பாறையில் இடிக்கும்.

வாசகர் விஷயத்தில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்: 'டங்' சத்தத்துக்குப் பயந்து காற்றை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். முன்பக்கம் விறைத்து உயரமாக நிற்கிறது. மேட்டில் தூக்காமல் என்ன செய்யும்? இரண்டு நோய்க்கும் டோக்கனே மருந்து.

போட்ட பிறகு, தண்ணீர்ப் பை, ஹெல்மெட் சகிதம் பெடலில் எழுந்து நில்லுங்கள். ஃபோர்க் காலில் இருக்கும் ரப்பர் வளையத்தை நண்பரைவிட்டு சீல் வரை தள்ளச் சொல்லிவிட்டு, குலுக்காமல் இறங்குங்கள். வளையம் சீலிலிருந்து 30 முதல் 37 மி.மீ. தள்ளி நின்றால் காற்று சரி. வளையம் இல்லையென்றால் கேபிள் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்று போதும்.